மூச்சையும் கேட்டுப் பயிற்றுவித்தல்

நேயர்களுக்கு வணக்கம். நேரில் சந்திக்காமல், கைப்பேசி வழியாகவே உடற்பயிற்சி கற்றுத்தரும் தொழிலில் இருப்பவள் நான். என்னிடம் பயிற்சி பெறுவோரில் சென்னையிலும் மதுரையிலும் இருப்பவர்கள் உண்டு. துபாயில் இரவுப்பணி முடித்து அறைக்குத் திரும்புபவர்களும், சிங்கப்பூரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அரை மணி நேரம் ஒதுக்குபவர்களும் உண்டு. இவர்கள் எல்லாரையும் ஒரே வேளையில் நேரலையில் கூட்டுவது இயலாத காரியம். ஆகவே அவரவர் வசதிப்படி பயிற்சி செய்து அதன் காணொளியை அனுப்புவதும், நான் அதைப் பார்த்துத் திருத்தம் சொல்வதும் எங்கள் வழக்கம். அந்தத் திருத்தத்தை எழுத்தில் அனுப்புவதைவிடக் குரல்பதிவாக அனுப்புவது ஏன் நல்லது, அதைவிட முக்கியமாக, அவர்களிடமிருந்து குரல்பதிவைக் கேட்டு வாங்குவது ஏன் நல்லது என்பதைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

குரல் ஒன்றை மட்டும் கொண்டு உடற்பயிற்சி செய்ய வைக்க முடியுமா என்ற ஐயத்திற்கு வானொலியே விடை தந்திருக்கிறது. ஜப்பானில் 1928-ஆம் ஆண்டு தொடங்கிய வானொலி உடற்பயிற்சி நிகழ்ச்சி, போருக்குப் பின் சில ஆண்டுகள் நின்று, 1951-இல் புதிய வடிவம் பெற்று, இன்றும் காலை 6.30 மணிக்கு ஒலிபரப்பாகிறது. பியானோ இசையோடு ஒருவர் சொல்லச் சொல்ல, பூங்காக்களில் முதியவர்களும் கோடை விடுமுறையில் சிறுவர்களும் சேர்ந்து கைகால்களை அசைக்கிறார்கள். ஆனால் வானொலிப் பெட்டிக்குச் செவி இல்லை. முன்னால் நிற்பவருக்கு மூச்சு வாங்குகிறதா, தோள் வலிக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. 2013-இல் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு வசதி வந்தபோது எங்களைப் போன்றோருக்குக் கிடைத்த பெரிய பேறு, பேசும் வாய்ப்பைவிடக் கேட்கும் வாய்ப்புதான் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் பேசுவதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஸ்குவாட் எனப்படும், முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழும் பயிற்சியைச் செய்யும்போது மூன்று விநாடி எடுத்து இறங்குங்கள் என்று எழுதி அனுப்பினால், பெரும்பாலோருடைய மூன்று விநாடி ஒரே விநாடியில் முடிந்துவிடும். அதையே நான் நிதானமாக, "இறங்குங்க... ரெண்டு... மூணு... இப்ப எழுந்திருங்க" என்று எண்ணிப் பதிவுசெய்து அனுப்பினால், அவர்கள் இயர்போனை மாட்டிக்கொண்டு அந்தக் குரலோடு சேர்ந்தே இறங்கி எழுகிறார்கள். வேகம் என்பது எழுத்தில் வெறும் எண். குரலில் அது காதுக்கே கிடைத்துவிடுகிறது.

சொல்லும் முறையிலும் கவனம் வேண்டும். உடலின் எந்தத் தசை என்ன செய்ய வேண்டும் என்று விளக்குவதைவிட, அசைவு வெளியே என்ன விளைவை உண்டாக்க வேண்டும் என்று சொல்வது பலருக்கும் விரைவாகப் பலன் தருகிறது. கேப்ரியேல் வூல்ஃப் என்ற ஆய்வாளர் 1998-இல் தம் குழுவினரோடு வெளியிட்ட ஆய்வில், பனிச்சறுக்குப் பழகும் கருவியின் மேல் நின்று பயின்றவர்களில், தம் பாதத்தின் மேல் கவனம் வைத்தவர்களைவிடக் காலுக்குக் கீழே இருந்த சக்கரத்தின் மேல் கவனம் வைத்தவர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். இடுப்பை மடித்துக் குனியும் பயிற்சியில் முதுகை வளைத்துவிடும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: "ரெண்டு கையிலயும் சாமான் இருக்கும்போது கதவைப் பின்பக்கத்தால தள்ளிச் சாத்துவீங்கல்ல, அப்படித் தள்ளுங்க." தொடையின் பின்தசையைப் பற்றி ஒரு பத்தி எழுதியும் விளங்காதது, இதைக் கேட்டதும் அடுத்த காணொளியில் சரியாகியிருக்கும்.

எழுத்தில் வேறொரு சிக்கலும் உண்டு. "இன்று ஏன் பயிற்சி செய்யவில்லை?" என்ற ஒரு வரியை நான் அக்கறையோடு எழுதினாலும், படிப்பவர் அதைக் கண்டிப்பு என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி ஆகியோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, தம் தொனி மின்னஞ்சலில் சரியாகப் போய்ச் சேரும் என்று எழுதுபவர்கள் நம்புகிற அளவுக்கு அது போய்ச் சேர்வதில்லை என்று காட்டியது. ஏற்கெனவே தம் உடலைப் பற்றிக் கூசிக்கொண்டிருப்பவரிடம் இந்த இடைவெளியை விட்டுவைக்கக் கூடாது.

இனி, கேட்பதைப் பற்றி. வேகநடை போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, நடையின் நடுவில், நிற்காமல், எதைப் பற்றியாவது நாலு வாக்கியம் பேசி அனுப்புங்கள் என்பதே. பேச முடிகிறது, ஆனால் பாட முடியாது என்ற நிலை மிதமான உழைப்பு. சில சொற்களுக்கு மேல், மூச்சு வாங்குவதற்காக நிறுத்தாமல் பேச முடியாவிட்டால் அது கடும் உழைப்பு. மருத்துவத் துறையினரும் ஏற்றுக்கொண்ட எளிய சோதனை இது. பெரியவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்புப் பெற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வழிகாட்டியிருக்கிறதே, அந்த மிதம் எது என்பதை இந்தக் குரலே சொல்லிவிடும். இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் சில மருந்துகள் இதயத்துடிப்பு உயர்வதைக் கட்டுப்படுத்துவதால், அவற்றை உட்கொள்பவர்கள் கையில் கட்டும் கடிகாரத்தின் எண்ணை மட்டும் நம்ப முடியாது. அவர்களுக்கு இந்த முறை இன்னும் தேவை.

மூச்சு மட்டுமல்ல. "முடிச்சிட்டேன்க்கா, பரவால்ல" என்று எழுத்தில் வந்தால் அது நல்ல செய்தி. அதே சொற்கள் குரலில், "பரவால்ல" என்பதற்கு முன் ஒரு தயக்கத்தோடும், பின் ஒரு பெருமூச்சோடும் வந்தால், நான் அடுத்த நாளின் எடையைக் கூட்டுவதில்லை. நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் வீட்டில் யாருக்கோ காய்ச்சலாக இருந்திருக்கும், அல்லது மூட்டில் ஒரு வலி தொடங்கியிருக்கும். 2021 முதல் வாட்ஸ்அப்பில் குரல்பதிவை இரட்டை வேகத்தில் கேட்க முடிகிறது. நேரமில்லாதபோது அது வசதிதான். ஆயினும் பயிற்சி பெறுபவரின் பதிவை அப்படிக் கேட்கும் பயிற்சியாளர், எதற்காக அதை வாங்கினாரோ அந்தத் தயக்கத்தையும் மூச்சையும் தொலைத்துவிடுகிறார். இயல்பான வேகத்தில், முழுமையாகக் கேட்க வேண்டும் என்று என் துறையினரை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

தமிழ்த் தட்டச்சு கைவராத அம்மாக்களுக்கும், பேச்சுத் தமிழ் மட்டுமே அறிந்து வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் இது எவ்வளவு பெரிய உதவி என்பதை விளக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் குரலில் அனுப்பிவிடவும் கூடாது. எத்தனை செட் (சுற்று), ஒவ்வொன்றிலும் எத்தனை முறை, எத்தனை கிலோ என்பவை எழுத்தில்தான் இருக்க வேண்டும். டம்பெல்லைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நிமிடப் பதிவில் அந்த எண்ணைத் தேடுவது யாருக்கும் இயலாது. ஒரு பதிவு ஒரு நிமிடத்துக்குள், ஒரே திருத்தத்தோடு முடிவது நல்லது. உடல் எடை, மாதவிடாய், பிரசவத்திற்குப் பிந்தைய வயிறு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதற்கு முன், தனியாக இருக்கிறீர்களா, இயர்போன் இருக்கிறதா என்று எழுதிக் கேட்டுக்கொள்வேன். கூட்டுக்குடும்பத்தின் கூடத்தில் ஒலிபெருக்கியில் அது ஒலித்துவிட்டால், அந்தப் பெண் மறுநாள் முதல் எதையும் மனம் திறந்து சொல்ல மாட்டார்.

எந்தக் குரல்பதிவும் போதாத வேளை ஒன்றும் உண்டு. பயிற்சியின்போது நெஞ்சில் அழுத்தமோ, ஓய்ந்த பின்னும் அடங்காத மூச்சுத்திணறலோ, மயக்கமோ வந்தால், பயிற்சியாளருக்குப் பதிவு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது. நான் அப்போது தூங்கிக்கொண்டிருக்கலாம். பயிற்சியை நிறுத்தி, வீட்டில் இருப்பவரை அழைத்து, தமிழ்நாட்டில் இருந்தால் உடனே 108-ஐயும், வெளிநாட்டில் இருந்தால் அந்த ஊரின் அவசர உதவி எண்ணையும் அழைக்க வேண்டும். என்னிடம் சேரும் ஒவ்வொருவருக்கும் நான் அனுப்பும் முதல் பதிவில் இருப்பது இந்தச் செய்திதான். அதைக் கேட்டுவிட்டு, அந்த எண்ணை அவர்கள் தம் குரலில் திருப்பிச் சொல்லி அனுப்பிய பிறகே முதல் பயிற்சியைத் தொடங்குவோம்.

நன்றி, வணக்கம்.