கழுத்தில் போடும் ஊசி, கருப்பைக்குக் காவல்

நேயர்களுக்கு வணக்கம். திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் ஒரு மாட்டுக் கொட்டகை. ஏழு மாதச் சினைப் பசு, கன்றை வீசிவிட்டது, அதாவது கரு கலைந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டு அம்மா நஞ்சுக்கொடியை வெறும் கையால் அள்ளி, வைக்கோலில் சுற்றிக்கொண்டிருந்தார். "ஆலமரத்துல கட்டணும் சார், அப்பதான் பால் ஊறும்" என்றார். கையை உடனே சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். கன்று வீச்சு நோய்க் கிருமியான புருசெல்லா அந்தக் கொடியில்தான் கோடிக்கணக்கில் இருக்கும். காகமும் நாயும் அதை இழுத்துப் போனால் ஊரெல்லாம் பரவும். மனிதருக்கு வந்தால் விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டுவலி. ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம்.

பக்கத்தில் ஐந்து மாதக் கிடேரிக் கன்று, அதாவது பெண் கன்று ஒன்று நின்றது. அதற்குக் கன்று வீச்சுத் தடுப்பூசி போடலாம் என்றதும் அந்த அம்மா கேட்டார்: "கழுத்துல குத்துற ஊசி கர்ப்பப்பைக்கு எப்படி சார் போவும்?" நல்ல கேள்வி. இன்று அதற்குத்தான் பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

பருவத்துக்கு வந்த மாட்டில் கண்ணாடி போல சளி ஒழுகுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நாட்களில் கருப்பை விழிப்பாக இருக்கும். வெள்ளை அணுக்கள் அங்கே திரண்டு நிற்கும், சளியோடு அழுக்கும் கிருமியும் வெளியேறும். சினை பிடித்ததும் நிலைமை மாறுகிறது. வயிற்றில் வளரும் கன்றில் பாதி காளையின் கூறு. தாயின் உடம்பு அதை அந்நியமென்று தள்ளிவிடக் கூடாது அல்லவா? அதனால் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் அங்குள்ள காவலைத் தணித்து வைக்கிறது. கூடவே, பசுவின் நஞ்சுக்கொடியில் எரித்ரிட்டால் என்றொரு சர்க்கரைப் பொருள் உண்டு. புருசெல்லாவுக்கு அது விருந்து.

ஆனால் இந்தக் கிருமி பெரும்பாலும் வாய் வழியாகத்தான் நுழைகிறது. வீசிய கன்றை நக்கினாலோ, கிருமி பட்ட தீவனத்தைத் தின்றாலோ உள்ளே போய், முதலில் நிணநீர்க் கழலைகளில் தங்கி, பிறகு இரத்தத்தோடு கருப்பைக்குப் போகும். தடுப்பூசி அதை வழியிலேயே மறிக்கிறது. புருசெல்லா மாட்டின் உடம்பு அணுவுக்குள்ளேயே ஒளிந்து வாழும், இரத்தத்தில் ஊறும் எதிர்ப்புப் பொருளால் மட்டும் அதைத் தொட முடியாது. கிருமியை விழுங்கிய அணுவை உசுப்பிவிட்டுக் கொல்ல வைக்கும் டி அணுக்கள் என்ற வெள்ளை அணுக்கள் வேண்டும். அவற்றைப் பழக்கத்தான் உயிருள்ள, வீரியம் குறைந்த கிருமியை ஊசியாகப் போடுகிறோம். எஸ் 19 என்ற அந்த ரகம் 1923-இல் ஒரு ஜெர்சி பசுவின் பாலில் கிடைத்தது. ஆய்வகத்தில் சாதாரண வெப்பத்தில் ஓராண்டுக்கு மேல் இருந்ததில் தானாகவே வீரியம் இழந்தது.

காளையோடு சேரும்போது பரவும் கேம்பைலோபாக்டர் கிருமியின் கதை வேறு. அதற்கு இரத்தத்தில் ஊறும் எதிர்ப்புப் பொருளே கருப்பைச் சுரப்புக்குள் கசிந்து வந்து காக்கிறது. எல்லா நோய்க்கும் காவல் ஒரே மாதிரி இல்லை.

கன்று வீச்சு ஊசி கிடேரிக் கன்றுக்கு மட்டும், 4 முதல் 8 மாதத்துக்குள், வாழ்நாளில் ஒரே தடவை. சினை மாட்டுக்குப் போட்டால் உயிருள்ள மருந்தே கன்றை வீச வைக்கலாம், காளைக் கன்றுக்குப் போடக் கூடாது. ஊசி குத்துபவர் கையில் பட்டாலும் ஆபத்துதான், கையுறை கட்டாயம். 2019 முதல் தேசியத் திட்டத்தில் இலவசமாகவே போடுகிறார்கள். நூற்றுக்கு நூறு காப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஏழாம் மாதத்தில் கன்றை இழக்கும் வீடுகள் வெகுவாகக் குறையும். ஜெர்சிக் கலப்புக்குத்தான் வேண்டும், நம் உம்பளச்சேரி நாட்டு மாட்டுக்கு வேண்டாம் என்று டெல்டாவில் சிலர் நினைக்கிறார்கள். தவறு. இரண்டுக்கும் கருப்பை ஒரே மாதிரிதான்.

அடுத்த முறை போனபோது அந்தக் கொட்டகைச் சுவரில் கரியால் இரண்டு தேதி எழுதியிருந்தது: புதிதாகப் பிறந்த கிடேரியின் பிறந்த நாள், அதன் கீழே நாலு மாதம் கூட்டி இன்னொன்று.