தெறியின் முதுகு

சபையோருக்கு வணக்கம். என்னை அறிமுகப்படுத்திய நண்பர் 'பழம்பொருள் ஆய்வாளர்' என்றார். என் மனைவி வீட்டில் சொல்லும் பெயர் 'போத்தல் பேப்பர்காரர்'. இரண்டில் இரண்டாவதுதான் உண்மைக்குக் கிட்ட.

பழைய இராணுவப் பொருள்கள், பழைய உடைகளோடு சேர்ந்த சில்லறைச் சாமான்கள், இவைதான் என் சேகரிப்பு. தெறி என்கிற பொத்தான், கொக்கி, பட்டி, தொப்பி, சின்னம். வாளும் துவக்கும் இல்லை. வாங்க வசதியில்லை என்பது ஒரு காரணம். அனுமதிப் பத்திரத்துக்கு அலைய மனமில்லை என்பது மற்றது.

இந்தச் சாமான்களைத் தேடி எங்கேயும் போகத் தேவையில்லை, நம் வாயிலேயே இருக்கின்றன. சப்பாத்து, களிசான், லேஞ்சி, பொத்தான் எல்லாம் போர்த்துக்கேயச் சொற்கள். 1505இல் வந்து 1656இல் கொழும்பைப் பறிகொடுத்துப் போனவர்கள் தங்கள் உடுப்பை நம் மொழியில் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 'தெறி' மட்டும் நம்முடைய சொல். அதனால் இன்று முழுக்கத் தெறி என்றே சொல்லப் போகிறேன்.

சொற்களும் சாமான்களும் எதிர்த்திசையிலும் போயிருக்கின்றன. வெள்ளைக்காரத் துரைமார் வெயிலுக்குப் போட்ட அந்தத் தடித்த வெள்ளைத் தொப்பியை எல்லோரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். அது எதனால் செய்தது? நெட்டி. குளத்திலும் சதுப்பிலும் வளரும், தஞ்சாவூரில் கோபுரமும் தேரும் செதுக்குகிறார்களே, அதே நெட்டி. கையில் எடுத்தால் பாரமே இருக்காது. ஒரு சாம்ராஜ்யத்தின் மிடுக்கு முழுவதும் நம் ஊர்க் குளத்துச் செடியின் மேல் துணி ஒட்டி நின்றிருக்கிறது. காக்கி என்ற சொல்லும் உருது வழியாக ஆங்கிலத்துக்குப் போனதுதான். பாரசீகத்தில் 'காக்' என்றால் மண், தூசு.

சரி, சேகரிப்புக்கு வருவோம். புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் செய்யும் பிழை, பித்தளையைக் கண்டதும் மினுக்குவது. தயவுசெய்து செய்யாதீர்கள். மினுக்கும் திரவத்தில் நுண்ணிய அரம் போன்ற தூள் இருக்கிறது. ஒவ்வொரு தேய்ப்பிலும் சின்னத்திலுள்ள யானையின் தந்தமோ அரச முடியின் முத்தோ கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும். மூக்கைத் துளைக்கிற அந்த வாசம் அமோனியா. அதற்கு ஒரு கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானிய இந்தியப் படையின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. யாரும் தொடவில்லை, சுடவில்லை. அவை குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அமோனியாவும், உறையை அடித்துச் செய்தபோது உலோகத்துக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்துதான் அந்த வேலையைச் செய்தன என்று 1921இல் விளக்கினார்கள். காரணம் தெரிய அத்தனை வருடம்.

நம் ஊரில் குதிரை இல்லை, கடல் இருக்கிறது. கொழும்பு மரைன் டிரைவ் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் குளிர்சாதனப் பெட்டியின் கால் எப்படித் துருப்பிடிக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. உப்புக்காற்று பித்தளையையும் விடாது. தோல் பட்டியில் கொக்கி பொருத்தியிருந்தால் இன்னும் மோசம். தோலிலுள்ள எண்ணெயும் பித்தளையிலுள்ள செம்பும் சேர்ந்து பச்சைப் பசையாகக் கசியும். மூங்கில் குச்சியால் மெல்லச் சுரண்டி, பருத்தித் துணியால் துடைத்து, கொக்கிக்கும் தோலுக்கும் நடுவே ஒரு துண்டுத் தாள் வையுங்கள். மருந்துப் போத்தலில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களை எறியாதீர்கள். மலிவான பிளாஸ்டிக் உறைகளில் போடாதீர்கள், காலப்போக்கில் அதுவே அமிலம் கக்கும்.

அடுத்தது போலி. சுற்றுலாப் பயணிக்காகக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கும் கடைகளை விட, பித்தளையைக் கிலோக் கணக்கில் நிறுக்கும் பழைய இரும்புக் கடைகளே எனக்குப் பிடிக்கும். அங்கே பொய் சொல்ல யாருக்கும் நேரமில்லை. ஒருமுறை ஒருவர் எம்டன் மாலுமியின் தொப்பி என்று ஒன்றைக் கொண்டுவந்தார். எம்டனை நமக்குத் தெரியும். சென்னையில் குண்டு போட்டுவிட்டுத் தமிழுக்குள் ஒரு சொல்லாக நுழைந்த ஜெர்மன் போர்க்கப்பல். அது கொக்கோஸ் தீவருகே அழிந்தது 1914 நவம்பர் 9. தொப்பியின் உள்ளே தையல் விட்ட இடத்தில் ஒரு நூலை இழுத்து நெருப்பில் காட்டினேன். பருத்தியென்றால் சாம்பலாகும். இது உருகிச் சின்ன மணியாகத் திரண்டது. நைலோன் சந்தைக்கு வந்ததே 1930களின் கடைசியில். கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கும் உதவும். அந்த வெளிச்சத்தில் வெள்ளை நூல் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் வாங்காமல் எழும்பி வந்துவிடுங்கள்.

தெறியைப் பொறுத்தவரை விளக்கும் நெருப்பும் வேண்டாம். கவிழ்த்துப் பாருங்கள். முன்பக்கம் எல்லோருக்கும் காட்டுவதற்கு, முதுகில்தான் செய்தவர் பெயர் இருக்கும். ஃபேர்மின், கோண்ட் என்று கம்பனிப் பெயரும், இலண்டன், பேர்மிங்காம் என்று ஊரும் வளைவாகப் பொறித்திருப்பார்கள். அச்சில் அடித்தது என்றால் எழுத்து கூராக நிற்கும். பழையதைப் பிரதியெடுத்து வார்த்த போலியில் எழுத்து மழுங்கி, மேற்பரப்பு அம்மைத் தழும்பு போல இருக்கும்.

அப்புறம் முன்பக்கம் திருப்பி, மேலே பொறித்திருக்கும் அரச முடியைப் பாருங்கள். முடியின் வளைவுகள் உருண்டு குவிந்து நின்றால் அரசர் முடி, 1901க்குப் பிந்தியது. நடுவில் தோள்கள் போலக் குழிந்திருந்தால் எலிசபெத் அரசியின் முடி, 1953 முதல். விக்டோரியா காலத்து முடியிலும் குழிவு உண்டு, அதனால் முதுகையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 1972 மே 22இல் நாம் குடியரசானோம். நம் படைச் சின்னங்களில் முடிக்கு அதற்குமேல் வேலையில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் நடந்து முடிந்த போரின் எந்தப் பொருளையும், எந்தப் பக்கத்துப் பொருளையும், நான் சேர்ப்பதில்லை. அந்தத் தெறியைத் தைத்துக் கொடுத்த கை இன்னும் எங்கேயோ காத்திருக்கும்.

இனி என் முதல் தெறி. என் அம்மப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் லிகிதராக இருந்தவர். அவரிடம் ஒரு கறுநீலக் கடற்படைக் கோட் இருந்தது. 1942 ஏப்ரல் 9, ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்ட அன்று, பதுங்குகுழியில் நடுங்கிக்கொண்டிருந்த தன் மேல் ஒரு வெள்ளைக்கார அதிகாரி அதைப் போர்த்திவிட்டார் என்று எங்களுக்குச் சொல்வார். சொல்லும்போது உண்மையாகவே நடுங்கிக் காட்டுவார்.

அவர் போன பிறகு கோட் கொழும்பில் வெள்ளவத்தைக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தது. தொண்ணூறுகளில் சுற்றிவளைப்பு நடந்த ஒரு இரவு, தமிழ் வீட்டில் சீருடை இருப்பதா என்று பயந்து, அம்மா அதை ஒரு கல்லோடு சுற்றி வாய்க்காலில் போட்டுவிட்டார். எப்போதோ கழன்று விழுந்த ஒரு தெறி மட்டும் பிஸ்கட் தகரத்துக்குள், தையல் ஊசிகளோடு கிடந்தது. நங்கூரம், அதைச் சுற்றிக் கயிறு, மேலே முடி.

பல வருடம் கழித்து, கொஞ்சம் படித்த பிறகு, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முடி நடுவில் குழிந்திருந்தது. முதுகைத் திருப்பினால் எழுத்தெல்லாம் புதுக்கருக்கு. விக்டோரியா காலத்தது இல்லவே இல்லை. அதாவது குண்டு விழுந்து குறைந்தது பதினொரு வருடத்துக்குப் பிறகு செய்த தெறி. 1957இல் பிரித்தானியர் திருகோணமலையை விட்டுப் போனபோது யாரோ மூட்டை கட்டுகையில் கொடுத்த கோட்டாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"பழைய தெறி விழுந்திருக்கும். அப்பா புதுசு வாங்கித் தைச்சிருப்பார்" என்றார்.

அதுவும் நடந்திருக்கலாம். மற்றத் தெறிகளைப் பார்த்தால் தெரிந்துவிடும். அவை வாய்க்காலில் இருக்கின்றன.