ஒரே கயிறு, மூன்று வேலை

நேயர்களுக்கு வணக்கம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் காலை நேரத்தில் பிள்ளைகளை ஓடவிட்டுக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியன் நான். காவலர், தீயணைப்பாளர் வேலைக்கு என்ன தகுதி கேட்கிறார்கள், அந்தத் தகுதி சரிதானா என்று பேசச் சொல்லி வானொலி நிலையத்தார் அழைத்தார்கள். முதல் பாதிக்குப் பதில் அறிவிக்கையிலேயே இருக்கிறது. இரண்டாவது பாதிக்குத்தான் நான் வந்திருக்கிறேன். ஆனாலும் பெற்றோர் கேட்டுக்கொண்டிருப்பார்கள், அதனால் முதலில் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன்.

மைதானத்துக்கு வரும் அப்பாக்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "சார், பையன் நூத்தி அறுபத்தெட்டு இருக்கான், எடுத்துப்பாங்களா?" தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்கு உயரம் 170 சென்டிமீட்டர். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 167. பெண்களுக்கு 159, அவர்களில் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 157. ஆண்களுக்கு மார்பு சாதாரணமாக 81, மூச்சை இழுத்தால் இன்னும் ஐந்து சென்டிமீட்டர் விரிய வேண்டும். அந்த ஐந்தை ஒரு மாதம் முறையாக மூச்சுப் பயிற்சி செய்து கொண்டுவர முடியும். உயரத்துக்கு என்னிடம் வைத்தியம் இல்லை. தொங்கினால் வளரும், பால் குடித்தால் வளரும் என்று சொல்லிப் பணம் வாங்குகிறவர்களிடம் பிள்ளையை விடாதீர்கள்.

படிப்பு பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. வயது 18-இலிருந்து 26. பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 28, ஆதிதிராவிடர், பழங்குடியினர், திருநர் ஆகியோருக்கு 31, ஆதரவற்ற விதவைகளுக்கு 37, முன்னாள் படைவீரர்களுக்கு 47 வரை. புதுச்சேரி நேயர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் காவல்துறை தனியாக ஆள் எடுக்கிறது, காவலருக்குப் பிளஸ் டூ கேட்கிறது, ஓட்டத்துக்கும் அளவு வேறு. எல்லையிலிருக்கும் கன்னியக்கோயிலைத் தாண்டினால் விதியும் மாறுகிறது.

ஓட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண்கள் 1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓட வேண்டும். 400 மீட்டர் வட்டத்தில் மூன்றே முக்கால் சுற்று. ஒரு சுற்றுக்கு 112 விநாடி கிடைக்கிறது. கணக்கைக் கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். தோற்பவர்கள் பெரும்பாலும் முதல் சுற்றை 80 விநாடியில் முடித்துவிட்டு மூன்றாவது சுற்றில் விலாவைப் பிடித்துக்கொள்பவர்கள். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். அடுத்தது ஆண்களுக்குக் கயிறு. கையை மட்டும் நம்பி ஏறுகிறவன் பாதியில் நின்றுவிடுவான். பாதத்தால் கயிற்றைப் பூட்டக் கற்றவன் மேலே போய்விடுவான். மதிப்பெண் ஸ்டார் கணக்கில்: ஐந்து மீட்டர் ஏறினால் ஒன் ஸ்டார், ஆறு மீட்டர் ஏறினால் டூ ஸ்டார். பிறகு நீளம் தாண்டுதல் அல்லது உயரம் தாண்டுதல், நூறு மீட்டர் அல்லது நானூறு மீட்டர் ஓட்டம்.

எழுத்துத் தேர்வில் தமிழ்த் தகுதித் தேர்வு ஒன்று சேர்ந்திருக்கிறது. 80 மதிப்பெண்ணுக்கு நாற்பது விழுக்காடு, அதாவது 32 எடுக்காவிட்டால் அடுத்த தாளைத் திருத்தவே மாட்டார்கள். முதன்மைத் தேர்வு 70 மதிப்பெண். அதில் பொது அறிவுக்கு 45, உளவியலுக்கு 25. மைதானத்துக்கு 24. என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றுகளுக்கு ஆறு. ஆக மொத்தம் நூறு. அறிவிக்கைக்கு அறிவிக்கை சில விதிகள் மாறும், ஆகவே என் பேச்சை நம்பி விண்ணப்பம் போடாமல் அறிவிக்கையைப் படியுங்கள்.

இன்னொரு தகுதி இருக்கிறது, அதை யாரும் மைதானத்தில் அளப்பதில்லை. காவல் சரிபார்ப்பு. ஊர்த் திருவிழாத் தகராறில் பத்துப் பெயரோடு பதினோராவதாக நம் பிள்ளை பெயரும் சேர்ந்துவிடும். வழக்கு விடுதலையில் முடிந்திருக்கும், வீட்டில் எல்லாரும் மறந்திருப்பார்கள். ஆனால் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுவித்திருந்தால், அந்த ஆள் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-இல் சொல்லியிருக்கிறது. மறைத்தால் நிலைமை இன்னும் மோசம். மறைத்ததே வேலையை ரத்து செய்யக் காரணமாகலாம், ஆனாலும் வழக்கு எவ்வளவு சின்னது என்பதையும் அதிகாரிகள் பார்க்க வேண்டும் என்று 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: வழக்கு இருந்தால் படிவத்தில் எழுதிவிடு, தீர்ப்பு நகலை இன்றைக்கே வாங்கி வை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இப்போது சொன்ன இந்த அளவுகள் காவலருக்கு மட்டும் உரியவை அல்ல. சிறைக் காவலருக்கும் தீயணைப்பாளருக்கும் இதே தேர்வு, இதே கயிறு, இதே தாண்டுதல். ஒரே விண்ணப்பத்தில் மூன்று துறை. யார் எங்கே போவது என்பது மதிப்பெண்ணையும் விருப்பத்தையும் பொறுத்தது. காவல்துறை கிடைக்காததால் தீயணைப்புக்குப் போனவர்கள் என் பிள்ளைகளிலேயே உண்டு. அவர்கள் நல்ல வேலைக்காரர்களாகத்தான் ஆனார்கள். என் குறை அவர்கள்மேல் இல்லை. அவர்களைத் தேர்ந்தெடுத்தபோது, நாளைக்குச் செய்யப்போகும் வேலையில் ஒன்றைக்கூட யாரும் செய்துபார்க்கச் சொல்லவில்லை என்பதுதான் குறை.

தீயணைப்பு நிலையத்துக்கு என்ன அழைப்பு வருகிறது என்று பக்கத்து நிலையத்தில் கேட்டுப்பாருங்கள். தீ ஒரு பங்குதான். கிணற்றில் விழுந்த பசு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு, சாலையில் சாய்ந்த மரம், ஏரியில் மூழ்கிய பையன் என்று மீட்பு அழைப்புகள்தான் அதிகம். நம் மாவட்டத்திலோ இதில் பாதிக்குமேல் தண்ணீர் சம்பந்தப்பட்டதாக இருந்தால் ஆச்சரியமில்லை. தென்பெண்ணையும் கெடிலமும் பரவனாறும் வெள்ளாறும் கொள்ளிடமும் வந்து கடலில் விழும் மாவட்டம் இது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கடலூர் மாவட்டம் இழந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. 2015 நவம்பரில் பண்ருட்டிப் பக்கம் விசூரிலும் பெரியகாட்டுப்பாளையத்திலும் காட்டாற்று வெள்ளம் வீடுகளோடு ஆட்களையும் அடித்துக்கொண்டு போனது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையோடு சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணைக் கரை முழுக்க வெள்ளக்காடானது. புயலும் இல்லாமல் மழையும் இல்லாமல் 2022 ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கெடிலம் தடுப்பணையில் குளிக்கப் போன ஏழு பெண்கள் மூழ்கிப்போனார்கள். பெரும்பாலும் சின்னப் பெண்கள்.

இப்படிப்பட்ட மாவட்டத்துக்குத் தீயணைப்பாளரை எடுக்கும் தேர்வில் நீச்சல் தெரியுமா என்று கேட்பதில்லை.

தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். அலைக்குள் பாய்ந்து வலை இழுக்கிறவன். உயரம் 168. கயிற்றில் ஏறுவான், ஓடுவான், தண்ணீருக்குள் மூச்சடக்குவான். உயரம் அளக்கும் இடத்திலேயே அவனைத் திருப்பி அனுப்பிவிடுவோம். 172 இருந்து, குளத்தைப் பார்த்தால் படியிலேயே நிற்கிற பையன் உள்ளே போய்விடுவான். காவலுக்கு அந்த உயரம் ஏதோ ஒரு வகையில் பயன்படலாம். கூட்டத்தில் தெரிய வேண்டும், ஒரு மிடுக்கு வேண்டும் என்பார்கள், ஒத்துக்கொள்கிறேன். கிணற்றுக்குள் இறங்குகிற ஆளுக்கு உயரம் எதற்கு? அகலம் குறைந்த கிணறு என்றால் அது இடைஞ்சல்கூட.

சிப்காட்டும் நெய்வேலியும் இருக்கிற மாவட்டம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2020 ஜூலை முதல் தேதி நெய்வேலி அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்து உயிர்கள் போனது நினைவிருக்கும். அந்த மாதிரி இடத்துக்குள் போகிறவர் முதுகில் மூச்சுக் கருவி, முகத்தில் கவசம், எதிரே புகை. மூடிய கவசத்துக்குள் சிலருக்கு மூச்சுத் திணறும், மூட்டை தூக்கும் பயில்வானுக்குக்கூட. அது அவர்கள் தப்பு இல்லை, மனத்தின் அமைப்பு. ஆனால் அதை வேலையில் சேர்ந்த பிறகு கண்டுபிடிப்பதைவிட முன்னாடியே தெரிந்துகொள்வது நல்லதல்லவா?

மற்ற ஊர்களில் எப்படி? மும்பையில் தீயணைப்புப் படை மாநகராட்சியுடையது. அங்கே ஆள் எடுக்கும்போது உயரத்திலிருந்து கீழே பிடித்திருக்கும் விரிப்பில் குதிக்கச் சொல்கிறார்கள், ஆள் எடைப் பொம்மையைச் சுமந்து ஓடச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் காவலும் தீயணைப்பும் பெரும்பாலும் அந்தந்த ஊர் நகராட்சியின் கையில். ஊருக்கு ஊர் விதி வேறு. ஆனால் தீயணைப்புக்கென்று பல நகரங்கள் சேர்ந்து ஏற்றுக்கொண்ட உடற்தேர்வு ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 23 கிலோ எடையுள்ள அங்கியை மாட்டிக்கொண்டு எட்டு வேலைகளைப் பத்து நிமிடம் இருபது விநாடிக்குள் முடிக்க வேண்டும். முதல் வேலை படி ஏறுவது, அதற்கு மட்டும் தோளில் இன்னும் 11 கிலோ. பிறகு தண்ணீர்க் குழாயை இழுப்பது, ஏணியை நிமிர்த்துவது, பூட்டிய கதவை உடைப்பதுபோல் சம்மட்டியால் அடிப்பது, இருட்டுக் கூண்டுக்குள் தவழ்ந்து போவது, 75 கிலோ பொம்மையை இழுத்துக்கொண்டு போய்த் திரும்புவது, இப்படி. இதில் மதிப்பெண் கிடையாது. முடித்தாயா இல்லையா, அவ்வளவுதான்.

உயரத்தைப் பற்றியும் அங்கே ஒரு வழக்கு நடந்தது. அலபாமா மாநிலத்தில் சிறைக் காவலர் வேலைக்கு 5 அடி 2 அங்குலம் உயரமும் 120 பவுண்டு எடையும் கேட்டார்கள். எடை போதாமல் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பெண் நீதிமன்றம் போனார். 1977-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேட்ட கேள்வி எளிமையானது: உங்களுக்குத் தேவை பலம் என்றால் பலத்தையே சோதிக்க வேண்டியதுதானே, உயரத்தையும் எடையையும் ஏன் அளக்கிறீர்கள்? அதே தீர்ப்பில் இன்னொரு விஷயத்தில் அந்தப் பெண் தோற்றார். ஆண்கள் சிறையில் கைதிகளோடு நேரடியாகப் பழகும் காவல் வேலையைப் பெண்களுக்குக் கொடுக்காத விதியை நீதிமன்றம் விட்டுவைத்தது. அதில் எனக்கு உடன்பாடில்லை. முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பெண்கள் பேச்சு வந்ததால் சொல்கிறேன். 2022, 2023 அறிவிக்கைகளில் தீயணைப்பாளர் இடங்கள் ஆண்களுக்கு மட்டுமே இருந்தன. இதே துறையில் 2003-இலேயே பிரியா ரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும் கோட்ட அலுவலர்களாக வந்துவிட்டார்கள். 2012 ஜனவரியில் சென்னை எழிலகம் வளாகத்துக் கலசமகால் தீயில் உள்ளே போய்ப் படுகாயம் பட்டவர் பிரியா ரவிச்சந்திரன். மேலே ஒரு பெண் நெருப்புக்குள் போகலாம், கீழே குழாய் பிடிக்க ஒரு பெண் வரக்கூடாது என்றால் கணக்கு உதைக்கிறது. காவல் பக்கத்தில் கதவு திறந்திருக்கிறது. விண்ணப்பத்தில் தனக்கென ஒரு கட்டம்கூட இல்லாத நிலையில் வழக்குப் போட்டு, 2015-இல் தீர்ப்பு வாங்கி, 2017-இல் உதவி ஆய்வாளராகத் தருமபுரியில் வேலைக்குச் சேர்ந்தார் திருநங்கை பிரித்திகா யாஷினி. தகுதி விதி என்பது கல்வெட்டு இல்லை என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது.

நான் சொல்வதற்கு மறுப்பு வரும், எனக்குத் தெரியும். ஒரு நண்பர், துறையில் இருந்தவர், என் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "மாஸ்டர், நீச்சலும் ஏணியும் பயிற்சியில சொல்லிக் குடுத்துக்கலாம். உடம்பு இருந்தா போதும்." பாதி உண்மை. ஏணியைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். நீச்சலை இருபத்தைந்து வயதில் தண்ணீர்ப் பயத்தோடு வருகிறவனுக்குச் சில மாதத்தில் சொல்லிக்கொடுக்கலாம், தானாக மிதக்கிற அளவுக்கு. மூழ்குகிறவன் கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போது அவனையும் இழுத்துக்கொண்டு கரைக்கு வருவது வேறு. இன்னொரு மறுப்பு, மேற்கு மாவட்டங்களில் குளம்கூட இல்லாத ஊர்ப் பிள்ளைகள் பாதிக்கப்படுவார்கள் என்பது. இது நியாயமான மறுப்பு. ஆகவே நீச்சலைக் கட்டாயமாக்கச் சொல்லவில்லை. என்.சி.சி. சான்றுக்கு மதிப்பெண் கொடுப்பதுபோல நீச்சலுக்கும் கொடுங்கள் என்கிறேன். தீயணைப்பு என்று விருப்பம் எழுதியவர்களுக்கு மட்டும் பொம்மை இழுப்பது, ஏணி, கவசம் மாட்டி இருட்டில் தவழ்வது என்று ஒரு நாள் தேர்வு தனியாக வையுங்கள், மதிப்பெண் இல்லாமல். உயரத்தில் அவர்களுக்கு மூன்று சென்டிமீட்டர் தளர்த்துங்கள். இதற்கு வேண்டிய ஏணியும் குழாயும் கவசமும் நிலையங்களில் ஏற்கெனவே இருக்கின்றன. பொம்மைக்கு மணல் மூட்டை போதும்.

அதுவரை என் மைதானத்துப் பிள்ளைகளில் தீயணைப்புக்குப் போக நினைப்பவர்களுக்குச் சனிக்கிழமைகளில் ஓட்டம் கிடையாது, நீச்சல்தான். நீச்சல் தெரிந்தவர்கள் துணையில்லாமல் சில்வர் பீச்சில் யாரும் இறங்க வேண்டாம், அந்தக் கடல் பழகுவதற்கு ஏற்றது இல்லை. தீயணைப்பு நிலையங்களில் வேலை செய்கிற நண்பர்கள் யாருக்காவது நான் சொன்னதில் மாறுபாடு இருந்தால் வானொலி நிலையத்துக்கு எழுதுங்கள். அடுத்த முறை என்னைக் கூப்பிட்டால் உங்கள் கடிதத்தோடு வருகிறேன்.

வணக்கம்.