ஸ்பேனர் பெட்டியும் விசாவும்

நேயர்களுக்கு வணக்கம். நான் மலேசியாவின் குளுவாங்கிலிருந்து வருகிறேன். செம்பனை எண்ணெய் ஆலைகளின் பம்ப், பிரஸ் எல்லாம் பழுது பார்க்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். சட்டம் படித்தவன் இல்லை, வேலைக்கு வெளிநாடு போய் விசா விஷயத்தில் ஒரு தடவை மாட்டிக்கொண்டவன். அதனால்தான் இன்று கூப்பிட்டிருக்கிறார்கள் போல.

பல வருடங்களுக்கு முன்னால் பக்கத்து நாட்டு ஆலை ஒன்றில் பிரஸ் நின்றுவிட்டது, உடனே வா என்றார்கள். நமக்கு விசா தேவையில்லாத நாடு. கடப்பிதழையும் ஸ்பேனர் பெட்டியையும் தூக்கிக்கொண்டு விமானம் ஏறிவிட்டேன். எதற்கு வந்தீர்கள் என்று குடிநுழைவு அதிகாரி கேட்டார். மீட்டிங் என்றேன். பெட்டியைத் திறக்கச் சொன்னார். மேலே எண்ணெய்க் கறை படிந்த வேலை உடுப்பு, அடியில் பதினேழு ஸ்பேனர். அவர் சிரித்தேவிட்டார். அடுத்த விமானத்தில் ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். டிக்கெட் காசு போனது பெரிதில்லை. அந்த ஆலைக்காரர் அப்புறம் என்னைக் கூப்பிடவே இல்லை.

அதிகாரி மேல் தப்பில்லை. விசா வேண்டாம் என்றால் வாசல் திறந்திருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். உள்ளே போய் என்ன செய்யலாம் என்பது வேறு கணக்கு. வாடிக்கையாளரைப் பார்த்துப் பேசுவது, விலை கேட்பது, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது, கண்காட்சி சுற்றுவது, இதெல்லாம் பெரும்பாலான நாடுகளில் வணிகப் பயணம். இயந்திரத்தில் கை வைத்தால் அது வேலை. சம்பளத்தை இங்கேதானே வாங்குகிறேன் என்று நம் ஆட்கள் வாதாடுவார்கள். நானும் அன்றைக்கு வாதாடினேன். சம்பளம் எங்கே வருகிறது என்று அவர் கேட்கவே இல்லை, பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிங்கப்பூரைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நம் ஊர்க்காரர்கள் அதிகம் போவது அங்கேதானே. விசா வேண்டாம். போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் எஸ்ஜி அரைவல் கார்டு என்ற வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கிற பக்கம் வந்தால் மூடிவிடுங்கள். கம்பெனிக் கூட்டத்தில் உட்கார, கருத்தரங்கு கேட்க வேலை பாஸ் எதுவும் தேவையில்லை. சிறப்புத் திறன் வேண்டிய இயந்திரத்தைப் பொருத்த, பழுது பார்க்கப் போகிறவர்களுக்கு நடுவில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்த பிறகு, வேலையில் கை வைப்பதற்கு முன்னால், மனிதவள அமைச்சுக்கு இணையத்தில் தெரிவிக்க வேண்டும். இப்படி ஓர் ஆண்டில் அதிகபட்சம் 90 நாள் செய்யலாம். எல்லா வேலைக்கும் இந்தச் சலுகை கிடையாது, பட்டியலில் நம் வேலை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதியில்லாமல் வேலை செய்து பிடிபட்டால் 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, சமயத்தில் இரண்டும்.

சீனாவுக்கு 2025 ஜூலை 17 முதல் நாம் விசா இல்லாமல் 30 நாள் வரை போகலாம். குவாங்சோவ் சந்தையில் இயந்திரம் பார்த்து விலை பேசலாம், வேலை செய்யக் கூடாது. தீபாவளி வியாபாரத்துக்குத் திருப்பூரில் துணி எடுக்கிறவர்கள் இந்தியாவுக்குச் சுற்றுலா விசாவில் போகாமல் இ-பிசினஸ் விசா எடுங்கள்.

பெர்மிட் என்ற சொல்லைக் கேட்டாலே என் அம்மா பேச்சை மாற்றிவிடுவார். இங்கே 1968-இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாளக் கார்டுக்காரர்கள் வேலைக்குப் பெர்மிட் வாங்க வேண்டியதாயிற்று. தோட்டத்திலேயே முதுகு வளைந்தவர்கள்கூட. பெர்மிட் கிடைக்காமல் எத்தனையோ குடும்பங்கள் பால்மரத்தை விட்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறின. அம்மாவின் பக்கத்து லயத்து வீடும் அப்படித்தான் காலியானது.

இது தெரிந்த நாமே இப்போது என்ன செய்கிறோம்? 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் இங்கே வரலாம். உடனே கோயம்புத்தூரிலிருந்து ஒரு டெக்னீஷியனை, திருவிழாவுக்கு ஒரு தவில்காரரைச் சும்மா வாங்க என்று கூப்பிட்டுவிடுகிறோம். அந்த 30 நாள் பார்வையாளருக்கு. வெளிநாட்டுக் கம்பெனி ஆள் கொஞ்ச காலம் இங்கே வந்து வேலை செய்ய நிபுணர்களுக்கான வருகை பாஸ் இருக்கிறது. அதிகபட்சம் 12 மாதம். அவர் கிளம்புவதற்கு முன்னால், இங்கே கூப்பிடுகிற கம்பெனிதான் குடிநுழைவுத் துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். கோயில் வேலைக்கும் முன்கூட்டியே கேட்டு உரிய பெர்மிட் எடுங்கள். சோதனை வந்தால் லாக்கப்பில் உட்காரப்போவது அந்தத் தவில்காரர், கமிட்டித் தலைவர் இல்லை.

என் பட்டறையில் இப்போது ஒரு பழக்கம். அழைப்புக் கடிதத்தில் வெறுமனே வருகை என்று எழுதியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். எந்த இயந்திரம், என்ன வேலை, எத்தனை நாள், செலவு யாருடையது, எல்லாம் எழுதி வர வேண்டும். போன மாதம் ஜொகூர் பாருவுக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் சலித்துக்கொண்டார்.

"ஏன் அண்ணே, ஒரு பேரிங் மாற்ற இவ்வளவு காகிதமா?"

"ஆமாம் தம்பி, பெட்டியைத் திறந்து காட்டப்போவது நான்தானே" என்றேன். கடிதம் சாயங்காலமே வந்துவிட்டது. வணக்கம்.