குளோரீன் இருந்தும் நீச்சல் தடாகம் பச்சையாவது ஏன்? வெள்ளை வில்லையின் மறைந்த கணக்கு

வணக்கம். சோதனைப் பெட்டி குளோரீன் 3 பீபீஎம், அதாவது பத்து இலட்சத்தில் 3 பங்கு, என்று காட்டுகிறது. தடாகத்தின் சுவரிலோ பாசி வழுக்குகிறது. இதன் காரணத்தை அறிந்துகொண்டால், யாழ்ப்பாணத்தில் புதிதாக வீட்டு நீச்சல் தடாகம் கட்டியவர்கள் பல பவுசர் தண்ணீரை மிச்சம் பிடிக்கலாம்.

அடிப்படையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். குளோரீன் கிருமியையும் பாசியையும் கொல்லும். வெயிலின் புறஊதாக் கதிர் குளோரீனைச் சிதைக்கும். கூரையில்லாத தடாகத்தில், சித்திரை மாத நண்பகலில், ஒரு மணித்தியாலத்துக்குள் ஏறக்குறையப் பாதி போய்விடும். அதைத் தடுப்பதற்கே ஸ்ரெபிலைசர் எனப்படும் சயனூரிக் அமிலம் இடப்படுகிறது. அது குளோரீனைப் பிடித்து வைத்து, செலவாகச் செலவாக விடுவிக்கிறது. ஆனால் பிடிபட்டிருக்கும் குளோரீன் கொல்லும் வேலையில் மந்தமானது. சோதனைப் பெட்டியோ அதையும் சேர்த்தே எண்ணுகிறது. ஆகவே ஸ்ரெபிலைசர் அளவில் நூற்றுக்கு ஏழரைப் பங்காவது குளோரீன் இருக்க வேண்டும். ஸ்ரெபிலைசர் 40 என்றால் குளோரீன் 3 போதும். 100 என்றால் 7.5 தேவை. பாசி வழுக்கிய அந்தத் தடாகத்தில் நடந்தது இதுதான்.

ஸ்ரெபிலைசர் எப்படி 100 வரை ஏறுகிறது? குளோரீனுக்காகக் கடைகளில் விற்கப்படும் ட்ரைகுளோர் எனும் வெள்ளை வில்லையைப் பாருங்கள். குளோரீனும் ஸ்ரெபிலைசரும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. 8 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் சராசரி 1.5 மீற்றர் ஆழமும் உள்ள தடாகம் 48,000 லீற்றர் கொள்ளும். அதில் 200 கிராம் வில்லை ஒன்று கரைந்தால் குளோரீன் ஏறக்குறைய 3.7 பீபீஎம் ஏறும். கூடவே, கேளாத விருந்தாளியாக, ஸ்ரெபிலைசரும் 2.3 ஏறும். குளோரீன் செலவாகிவிடும், ஸ்ரெபிலைசர் இருந்துவிடும். ஆனையிறவு உப்பளத்தில் பாத்தி நீரை வெயில் குடித்துவிட உப்பு எஞ்சுகிறதல்லவா, அதே வேலைதான் உங்கள் தடாகத்திலும் நடக்கிறது. உப்பளக்காரர் விளைந்ததை வாரி எடுத்துவிடுவார், உங்களால் அது முடியாது. வடிகட்டியும் அதைப் பிடிக்காது. இரண்டு நாளுக்கு ஒரு வில்லை வீதம் போட்டால் மூன்று மாதத்தில் 100ஐத் தாண்டிவிடும். அதை 50க்கு இறக்க வேண்டுமானால் பாதித் தண்ணீரை, அதாவது 24,000 லீற்றரை, வெளியேற்றிப் புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டும். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாமல், சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரையே நம்பியிருக்கும் குடாநாட்டில் அது எனக்கு நியாயமாகப் படவில்லை. வில்லை விற்பவர்கள் இந்தக் காணொளிக்கு விருப்பம் தெரிவிக்க மாட்டார்கள் என்பதால், நீங்களாவது தெரிவியுங்கள்.

என் ஆலோசனை, ஸ்ரெபிலைசரைத் தனியாக, ஒரே தடவை, அளந்து இடுங்கள் என்பதே. நாம் எடுத்துக்கொண்ட தடாகத்தில் 40 பீபீஎம் வருவதற்கு இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைய வேண்டும். அது கரையச் சில நாட்கள் எடுக்கும் என்பதால், பழைய காலுறை ஒன்றில் கட்டி, நீர் திரும்பி வரும் குழாய் வாயின் முன்னால் தொங்கவிடுங்கள். அதன் பின்னர் நாள்தோறும் பொழுதுபட்ட பிறகு, பம்பி ஓடிக்கொண்டிருக்க, ஸ்ரெபிலைசர் கலவாத திரவக் குளோரீன் ஊற்றுங்கள். வெக்கையில் அதன் வீரியம் குறையுமாதலால் சிறிது சிறிதாக வாங்கி நிழலில் வையுங்கள். குளோரீன் தரும் இன்னொரு பொருளான கல்சியம் ஹைப்போகுளோரைற்றிலும் ஸ்ரெபிலைசர் இல்லை. ஆனால் அது கல்சியத்தைக் கூட்டும், நம் கிணற்றுத் தண்ணீரோ கேத்திலின் அடியில் வெள்ளைக் கல் படியவைக்குமளவு ஏற்கெனவே கடினமானது. கல்சியம் ஹைப்போகுளோரைற்றையும் ட்ரைகுளோரையும் ஒருபோதும் கலக்காதீர்கள். தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். புதுச் சீமெந்துப் பூச்சு முதல் சில மாதங்கள், நீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் பீஎச் அளவை உயர்த்திக்கொண்டே இருக்கும், அதை 7.2க்கும் 7.8க்கும் இடையில் வைத்திருங்கள்.

ஸ்ரெபிலைசரை அளக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. தடாக நீரோடு சோதனைத் திரவத்தைக் கலந்து சற்றுப் பொறுத்தால் அது பால்போல வெளிறும். அடியில் கறுப்புப் புள்ளியுள்ள குழாயில் அதைச் சிறிது சிறிதாக ஊற்றி மேலிருந்து பார்க்க வேண்டும். எந்தக் கோட்டில் புள்ளி மறைகிறதோ அதுவே அளவு. நல்ல வெளிச்சத்தில், வெயிலுக்கு முதுகு காட்டி நின்று பாருங்கள்.

அளவு ஏற்கெனவே கூடியிருந்தால் ஐப்பசி மழை தொடங்கும் தறுவாயில் ஒரு பங்கு நீரை இறக்கி, வானம் இலவசமாகத் தருவதைக் கொண்டு நிரப்புங்கள். இறக்கும் நீரைக் கிணற்றடிப் பக்கம் விடாதீர்கள், சுண்ணக்கல் அதை நேரே கிணற்றுக்குக் கொண்டுபோகக்கூடும். தடாகத்தை முழுதாக வெறுமையாக்கவும் வேண்டாம். மாரியில் நிலத்தடி நீர் உயரும்போது, வெற்றுத் தடாகம் அடியோடு மேலெழும்பி வெடிப்பு விழலாம். மழைக்கு முன்பு உங்கள் தடாகத்தின் ஸ்ரெபிலைசர் அளவைப் பார்த்துக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.