குமிழிலிருந்து துளைக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். கட்டிப் பார்க்கும் இயந்திரப் பொம்மைகளில் பழைய பாணியையும் புதிய பாணியையும் ஒப்பிட்டுப் பேசும்படி நிலையத்தார் கேட்டார்கள். பொதுவாகப் பேசினால் காற்றில் கத்தி வீசுவதாக முடியும். ஆகவே பல்சக்கரமும் அச்சும் வைத்து ஓடும் பொம்மைகளைக் கட்டும் லெகோ டெக்னிக் என்ற ஒரே வரிசையை எடுத்துக்கொள்கிறேன். ஒரே நிறுவனம், ஒரே வரிசை, ஒரே துளை அளவு. அதற்குள்ளேயே இரண்டு கட்டுமான முறைகள் அடுத்தடுத்து வந்திருக்கின்றன.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று புதிய பாணி என்று கொண்டாடப்படுவது அடிப்படையில் 1901ஆம் ஆண்டின் பாணி. பழையது என்று ஒதுக்கப்பட்டதுதான் நடுவில் வந்த புதுமை. இதைக் கேட்டால் லெகோ ரசிகர்கள் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

1901இல் என்ன நடந்தது? இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், இறைச்சி இறக்குமதி செய்யும் வணிகர் ஒருவரிடம் எழுத்தராக இருந்தவர் ஃபிராங்க் ஹார்ன்பி. தன் பிள்ளைகளுக்குக் கிரேன் பொம்மை செய்து கொடுக்க உலோகத் தகட்டைக் கீற்றுக் கீற்றாக வெட்டினார். ஒவ்வொரு கீற்றிலும் அரை அங்குலத்துக்கு ஒரு துளை. எந்தத் துளையையும் எந்தத் துளையோடும் போல்ட், நட் போட்டு இணைக்கலாம். அந்த ஆண்டே காப்புரிமை பெற்றார். 1907இல் அதற்கு மெக்கானோ என்று பெயர் வைத்தார். நம் ஊர்க் கடைகளில் மெக்கானிக்ஸ் என்ற பெயரில் கிடைக்கும் தகட்டுப் பெட்டியை வாங்கிக் கொடுத்தவர்களுக்கும், அதிலுள்ள சின்ன ஸ்பேனரைத் தொலைத்துவிட்டுத் தேடியவர்களுக்கும் இந்த முறை புதிதல்ல.

மெக்கானோவைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று எண்ணிவிடக் கூடாது. 1934இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹார்ட்ரீயும் அவருடைய மாணவர் ஆர்தர் போர்ட்டரும் வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் ஓர் இயந்திரத்தின் மாதிரியைப் பெரும்பாலும் மெக்கானோ உறுப்புகளைக் கொண்டே கட்டினார்கள். செலவு ஏறத்தாழ 20 பவுண்டு. அது காட்சிக்கு வைத்த பொம்மையாக நிற்கவில்லை. ஆராய்ச்சிக்கு வேண்டிய விடைகளை உண்மையாகவே கணக்கிட்டுக் கொடுத்தது. மின்னணுக் கணினி வருவதற்கு முந்தைய காலம் அது.

லெகோ வேறு குடும்பம். டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் தொடங்கிய நிறுவனம் அது. இன்று நாம் அறிந்த கட்டைக்கு 1958இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். மேலே குமிழ், கீழே குழாய். அழுத்தினால் பிடித்துக்கொள்ளும், இழுத்தால் வந்துவிடும். வீடும் கோட்டையும் கட்ட இதைவிட எளிய ஏற்பாடு இல்லை. ஆனால் சுழலும் அச்சுக்கு அதில் இடம் எங்கே?

1977இல் விடை வந்தது. குமிழ்க் கட்டையின் பக்கவாட்டிலேயே வரிசையாகத் துளை போட்டுவிட்டார்கள். அந்தத் துளையில் குறுக்குவெட்டில் கூட்டல் குறி போன்ற ஓர் அச்சு சுழலும். அச்சில் பல்சக்கரம் ஏறும். ஸ்டியரிங் திருப்பினால் சக்கரம் திரும்பி, வண்டியைத் தள்ளினால் இன்ஜினுக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் கார் அடிச்சட்டம் அந்த ஆண்டே வந்தது. 1980இல் வந்த அடுத்த கார் அடிச்சட்டத்தில் டிஃபரன்ஷியலே இருந்தது. வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிகமாகச் சுற்ற வேண்டும் என்பதைப் படம் போட்டு விளக்கி நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அந்தப் பொம்மையை மேசையில் வைத்து ஒரு சக்கரத்தை விரலால் நிறுத்திக் காட்டினால் பாதி வகுப்புக்குப் புரிந்துவிடும். மீதிப் பாதிக்குத் தேர்வுக்கு முந்தைய நாள் புரியும்.

இனி நேயர்கள் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். 8, 9.6, 3.2. மூன்றும் மில்லிமீட்டர். ஒரு கட்டையில் அடுத்தடுத்த இரண்டு துளைகளுக்கு இடைவெளி 8. கட்டையின் உயரம் 9.6. தட்டை என்று சொல்லும் மெல்லிய துண்டின் உயரம் 3.2, அதாவது மூன்று தட்டை சேர்ந்தால் ஒரு கட்டை.

பழைய பாணியின் தலைவலியும் அழகும் இந்த மூன்று எண்களுக்குள் இருக்கின்றன. குமிழின் பிடி நெருக்கத்தால் வரும் பிடி. மேலிருந்து அழுத்தினால் அசையாது. மேல்நோக்கி இழுத்தால் கழன்றுவிடும். மோட்டார் வைத்த வண்டி ஒரு தடையில் முட்டினால் உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கட்டைகளைப் பிளக்கும். பிளக்காமல் இருக்க, ஒரு துளைக் கட்டையைச் செங்குத்தாக நிறுத்தி, கீழ் அடுக்கையும் மேல் அடுக்கையும் அதனோடு ‘பின்’ என்ற சின்ன பிளாஸ்டிக் முளையைத் துளையில் செருகிப் பூட்ட வேண்டும். செய்து பாருங்கள், பின் போகாது. கட்டைமேல் கட்டை வைத்தால் துளைக்கும் துளைக்கும் 9.6 இடைவெளி. நிறுத்திய கட்டையில் இடைவெளி 8, அடுத்தது 16.

வழி என்னவென்றால், இரண்டு துளைக் கட்டைகளுக்கு நடுவே இரண்டு தட்டைகளைச் சொருக வேண்டும். 9.6, அதனோடு 3.2, இன்னொரு 3.2, கூட்டினால் 16. நிறுத்திய கட்டையின் இரண்டு துளைத் தூரம் அதே 16. பின் போய் உட்கார்ந்துவிடும். தட்டை இல்லாமலேயே செய்ய வேண்டும் என்றால் ஆறாவது அடுக்கு வரை ஏற வேண்டும். ஐந்து கட்டை உயரம் 48, ஆறு துளைத் தூரமும் 48. பெட்டியோடு வரும் வழிகாட்டிப் புத்தகம் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லாது. படத்தில் இரண்டு தட்டைகள் இருக்கும், அவ்வளவுதான். ஏன் அங்கே இரண்டு தட்டைகள் என்று கேட்கும் பிள்ளை பின்னங்களைக் கற்றுக்கொள்ளும். கேட்காத பிள்ளையின் வண்டியும் ஓடும். அதில் ஒன்றும் குறை இல்லை.

பல்சக்கரத்துக்கும் இதே கணக்குதான். டெக்னிக் சக்கரங்களில் எத்தனை பல்லோ அத்தனை மில்லிமீட்டர் விட்டம். அதாவது பல்லோடு பல் சேரும் வட்டத்தின் விட்டம். 8 பல் சக்கரத்தின் ஆரம் 4, 24 பல் சக்கரத்தின் ஆரம் 12. இரண்டும் கவ்வ வேண்டுமானால் அச்சுகளுக்கிடையே 16, அதாவது இரண்டு துளை. 8 பல்லும் 40 பல்லும் மூன்று துளையில் சேரும். கிடைமட்டமாக வைத்தால் எந்தச் சிக்கலும் இல்லை. மேலும் கீழுமாக வைத்தால் மறுபடியும் அந்த இரண்டு தட்டைகளைத் தேடிப் போக வேண்டியதுதான். ஹார்ன்பியின் மெக்கானோவில் 19 பல்லும் 57 பல்லும் ஓர் அங்குலத்தில், அதாவது அதன் கணக்கிலும் இரண்டே துளையில், ஒன்றுக்கு மூன்று என்ற விகிதத்தில் சேர்ந்தன என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் மேல், கீழ் என்ற பேதமே கிடையாது.

பழைய பாணியின் சிகரம் என்று நான் சொல்வது 1994இல் வந்த சூப்பர் கார். நான்கு சக்கரத்துக்கும் ஓட்டம், நான்கு சக்கரத்துக்கும் ஸ்டியரிங், நான்கு வேக கியர்பாக்ஸ், வி8 இன்ஜின், ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி சஸ்பென்ஷன். எல்லாவற்றையும் குமிழ் வைத்த கட்டைகளுக்குள் அடைத்திருந்தார்கள். அதற்கு மேல் அந்த முறையில் போவதற்கு வழி குறைவு என்பதையும் அந்தக் காரே காட்டிவிட்டது.

1990களின் கடைசியிலும் 2000களின் தொடக்கத்திலும் குமிழ்கள் சிறிது சிறிதாக மறைந்தன. வந்தது வழவழப்பான, முனை உருண்ட துளைச் சட்டம். மேலே ஒன்றும் இல்லை, கீழே ஒன்றும் இல்லை, துளை மட்டும். நீளம் பெரும்பாலும் ஒற்றைப்படை: மூன்று, ஐந்து, ஏழு என்று பதினைந்து வரை. ஒற்றைப்படை என்பதால் நடுவில் ஒரு துளை உறுதியாக இருக்கும். இயந்திரம் என்பது பெரும்பாலும் இடமும் வலமும் ஒத்திருப்பது. நடுக்கோட்டில் ஓர் அச்சு ஓட வேண்டும். அதற்கு நடுத்துளை வாய்ப்பது எவ்வளவு பெரிய வசதி என்பது கட்டியவர்களுக்குத் தெரியும். ரோபோ பெட்டிகளும் இதே வழியில் போயின. 1998இல் வந்த மைண்ட்ஸ்டார்ம்ஸ் கணினிக் கட்டையின் தலையில் குமிழ் இருந்தது. 2006இல் வந்ததில் இல்லை.

குமிழ் போனதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. புதிய சட்டத்தின் தடிமனும் துளை இடைவெளியும் ஏறத்தாழ ஒன்றே, 8. நீளம், அகலம், உயரம் என்று எந்தத் திசையில் அளந்தாலும் அதே அலகு. 9.6 செத்துப் போயிற்று. மெக்கானோவின் மரபு திரும்பிவிட்டது என்று நான் சொல்வது இதனால்தான்: துளைக்குத் துளை, எந்தத் திசையிலும் இணைப்பு. ஹார்ன்பிக்கு முடியாத ஒன்றும் இதில் கைகூடியிருக்கிறது. அவருடைய கீற்று மெல்லிய தகடு; ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குத் திரும்ப மடித்த தகட்டுத் துண்டுகள் வேண்டும். இந்தச் சட்டத்தைப் பக்கவாட்டில் புரட்டி வைத்தாலே அடுத்த தளம் கிடைத்துவிடுகிறது. போல்ட்டை முடுக்க வேண்டாம், நட் கட்டிலுக்கு அடியில் உருண்டு போகாது. பின்னைத் தள்ளினால் டிக் என்று உட்காரும்.

சாய்வான சட்டங்களும் வந்தன. அவற்றின் வளைவு ஏதோ கண்ணுக்கு அழகாக வைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று, நான்கு, ஐந்து பக்கமுள்ள செங்கோண முக்கோணத்தின் கோணம் அது, ஏறத்தாழ 53 பாகை. அதனால் சாய்வான கையின் முனையும் நேர் சட்டத்தின் துளையும் தவறாமல் சந்திக்கின்றன. பிதாகரஸைப் பிளாஸ்டிக்கில் வார்த்திருக்கிறார்கள்.

பலன் கண்கூடு. 2018இல் வந்த புகாட்டி ஷிரோன் மாதிரியில் 3,599 உறுப்புகள், எட்டு வேக கியர்பாக்ஸ், பதினாறு சிலிண்டர் இன்ஜின். அதே ஆண்டு அந்தக் காரை முழு அளவில், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட டெக்னிக் உறுப்புகளால் கட்டி, பொம்மை மோட்டார்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் பொருத்தி, ஆள் உட்கார்ந்து ஓட்டியும் காட்டினார்கள். மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போயிற்று. விளம்பரம்தான், மறுக்கவில்லை.

இழப்பும் இருக்கிறது. பழைய பாணியில் கொத்தனார் சுவர் எழுப்புவதைப் போலக் கீழிருந்து மேலே போகலாம். ஆறு வயதுப் பிள்ளை திட்டம் எதுவும் இல்லாமல் ஒரு கட்டையை வைக்கும், அதன்மேல் இன்னொன்றை வைக்கும். பாதியில் மனம் மாறினால் மேலே இருப்பதைப் பிடுங்கிவிட்டுத் தொடரும். புதிய பாணியில் அது நடக்காது. உள்ளிருந்து வெளியே கட்ட வேண்டும். நடுவில் இருக்கும் கியர்பாக்ஸ் முதலில் முடிய வேண்டும், சட்டங்கள் அதைச் சுற்றி வளைக்க வேண்டும். எந்தப் பின் எந்தப் பக்கத்திலிருந்து நுழையும், பிற்பாடு அதை எடுக்க விரல் போகுமா என்பதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். உள்ளே ஒரு சக்கரம் தவறாக மாட்டியிருப்பது நூறு பக்கம் கடந்த பிறகு தெரிந்தால், அந்த வீட்டில் அன்றைக்கு யாரும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

நீளமான சட்டம் முறுக்கிக்கொள்ளும் குறையும் உண்டு. ஒற்றைப் பின் ஒரு கீல். இரண்டு பின் போட்டால்தான் அசையாமல் நிற்கும். 2000களின் பிற்பகுதியில் செவ்வகச் சட்டகங்களையே ஒரே துண்டாக வார்த்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். முறுக்கம் பெருமளவு அடங்கியது. உடலைப் போர்த்தும் வளைவுப் பலகைகளும் அதிகமாயின. அவற்றில்தான் எனக்கு மனத்தாங்கல். பழைய வண்டிகளுக்கு எலும்பு வெளியே தெரியும். எது எதைச் சுற்றுகிறது என்று பார்த்தபடியே தள்ளலாம். இன்றைய காரில் எட்டு வேக கியர்பாக்ஸ் உள்ளே மூடிக் கிடக்கிறது. கட்டியவனுக்கு மட்டும் தெரியும் ரகசியம். அலமாரியில் வைத்துவிட்டால் அவனுக்கும் மறந்துபோகும்.

பிள்ளைக்கு எதை வாங்கலாம் என்று பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. இயந்திரமாகப் பார்த்தால் புதியது மேல். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சொந்தமாக ஒன்றை யோசித்துக் கட்டத் தொடங்குவதற்குப் பழையது மேல். நல்ல வேளையாக இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டாயம் இல்லை. 1977இன் துளையும் இன்றைய துளையும் ஒரே அளவு, இடைவெளியும் அதே 8. பழைய குமிழ்க் கட்டையில் அடித்தளம் போட்டு அதன் பக்கத்தில் புதிய சட்டங்களைப் பின் போட்டு மாட்டலாம். வகுப்பில் நான் செய்ததும் அதுதான்.

கையில் இரண்டு காலத்து உறுப்புகளும் இருப்பவர்களுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு விடைபெறுகிறேன். இரண்டு துளை இடைவெளியில் இரண்டு அச்சுகளை இணையாக வையுங்கள். முதல் அச்சில் 8, 12, 16 பல் சக்கரங்கள். இரண்டாவதில் 24, 20, 16. எட்டும் இருபத்துநான்கும் 1977இலேயே இருந்தவை. பன்னிரண்டும் இருபதும் பிற்காலத்தில் வந்தவை. கூட்டிப் பாருங்கள், மூன்று சோடியும் அதே 16 மில்லிமீட்டரில்தான் கவ்வும். விகிதம் முதல் சோடியில் மூன்றுக்கு ஒன்று, அடுத்ததில் ஐந்துக்கு மூன்று, கடைசியில் ஒன்றுக்கு ஒன்று. முதல் அச்சை நீளவாக்கில் நகர்த்தி ஒரு நேரத்தில் ஒரு சோடியை மட்டும் சேர்க்க வேண்டும். ஆனால் நகரும்போது 12 பல் சக்கரம் 24 பல் சக்கரத்தின் எதிரே வந்தால் இடித்துக்கொள்ளும். அவற்றுக்கு 18 மில்லிமீட்டர் வேண்டும், நம்மிடம் இருப்பது 16. எந்தச் சக்கரத்தை எங்கே, எவ்வளவு தள்ளி வைத்தால் மூன்று வேகமும் இடிக்காமல் மாறும் என்பதைக் கண்டுபிடியுங்கள்.

நன்றி, வணக்கம்.