பருப்புக்கீரை: பறிக்கும் நேரமும் சமைக்கும் பக்குவமும்

நேயர்களுக்கு வணக்கம். களை என்று பிடுங்கி எறியப்படும் பருப்புக்கீரையைப் பற்றி இன்று பேசுகிறேன். கோழிக்கீரை என்றும் இதைச் சொல்வார்கள். ஒருமுறை சமைத்துவிட்டு, ‘ஒரே புளிப்பு, கொழகொழப்பு’ என்று இதை ஒதுக்கியவர்கள் உண்டு. அந்த இரண்டையும் குறைப்பது நம் கையில்தான் இருக்கிறது.

முதலில் செடியைச் சரியாகப் பாருங்கள். தரையோடு படரும், தண்டு வழுவழுப்பாக, பெரும்பாலும் சிவந்திருக்கும். இலை சிறு கரண்டி வடிவில், தொட்டால் சதைப்பற்றாக இருக்கும். பூ மஞ்சள். தண்டை ஒடித்தால் தெளிந்த நீர்தான் கசியவேண்டும். வெள்ளையாகப் பால் வடிந்தால் அது வேறு செடி, கண்டிப்பாக வேண்டாம். பார்வைக்கு இதைப் போலவே இருக்கும் சாரணை என்ற செடியும் இதே இடங்களில்தான் படரும். அதன் பூ வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். ஒவ்வொரு இலை ஜோடியிலும் ஓர் இலை பெரிது, மற்றது சிறிது. களைக்கொல்லி அடித்த நிலத்திலும் சாக்கடையோரத்திலும் பறிக்கவே கூடாது.

இனி புளிப்புக்கு வருவோம். நீர் குறைந்த வெயில் நாட்களில் இந்தச் செடி பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. இரவில் திறந்து கரியமில வாயுவை இழுத்து, மாலிக் அமிலம் என்ற புளிப்புப் பொருளாகச் சேர்த்து வைக்கிறது. பகல் வெளிச்சத்தில் அது செலவாகிவிடும். அதனால் விடியற்காலையில் பறித்த கீரை நன்றாகப் புளிக்கும். மாலையில் பறித்தது சாதுவாக இருக்கும். பூக்கும் முன், நுனியிலிருந்து ஒரு விரல் நீளம் கிள்ளுங்கள். காய் வைத்துவிட்டால் கறுப்பு விதைகள் மணல் போல நறநறக்கும்.

கணுக்களில் மண் ஒளிந்திருக்கும். அகலமான பாத்திரத்தில் நீர் நிரப்பிக் கீரையை அலசி, கையால் அள்ளி எடுங்கள். நீரோடு சாய்த்து வடித்தால் அடியில் தங்கிய மண் திரும்பக் கீரையிலேயே விழும். இரண்டு, மூன்று தடவை இப்படிச் செய்து, ஈரம் போக உலர்த்துங்கள்.

பருப்போடு சேர்ப்பதென்றால், அரைக் கப் பருப்புக்கு நறுக்கிய கீரை இரண்டு கப். பருப்பு குழைந்த பிறகுதான் கீரையைப் போடவேண்டும். முன்பே போட்டால் கீரையின் புளிப்பு பருப்பை வேகவிடாது. ஐந்து நிமிடம் போதும், புளி தேவையில்லை.

கொழகொழப்புக்குக் காரணம் இலையில் உள்ள பசைப்பொருள். நீர் ஊற்றி, மூடி வைத்து, அதிக நேரம் வேகவிட்டால் அது முழுவதும் வெளியே வந்துவிடும். பொரியலுக்கு அகன்ற வாணலி, நல்ல தீ, மூடி வேண்டாம். உப்பைக் கடைசியில் சேருங்கள். முதலிலேயே போட்டால் நீர் விட்டுக் கூழாகிவிடும். கீரை வெகுவாகச் சுண்டும் என்பதால் உப்பின் அளவும் அப்போதுதான் சரியாகத் தெரியும்.

இளநுனிகளைப் பச்சையாகவே தயிரில் கலந்து சாப்பிடலாம். இந்தச் சேர்க்கை எனக்கு மிகவும் பிடித்தது, காரணத்தோடுதான். சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகக்கூடிய ஆக்சலேட் என்ற பொருள் கீரையில் அதிகம். தயிரின் சுண்ணாம்புச்சத்து அதில் ஒரு பகுதியைக் குடலிலேயே பிடித்து வைத்துவிடும். ஆனாலும் சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே உண்ணவேண்டும்.